ஓடு மாத்தப் போறியாக்கும், மருமவனே?

முட்டுக்குள்ள குருத்தெலும்பு ஒரு இடத்துல பேந்துபோச்சு, அந்தக் குழியில சின்னதா ஒரு உலோக மூடி வச்சா சோலி முடிஞ்சுதுன்னு டாக்டர் சொன்னாராமே. சந்தோசம். நாப்பத்தஞ்சு வயசுல சிமெண்டுத் தரையில ஷட்டில் ஆடிக் கப்பு வாங்குனவன்லா நீ. காலையில திருவனந்தபுரம் மியூசியத்தை நாலு சுத்து சுத்தியிருந்தா போதும். ஆனா அதுக்கு எவன் கப்பு குடுக்கான்?

குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, பாத்துக்க. தோலு கிழிஞ்சா கூடும், எலும்பு முறிஞ்சா கூடும், இது கூடாது. வில்லியம் ஹண்டர்னு ஒரு வெள்ளைக்காரன் 1743-லேயே எழுதி வச்சுட்டுப் போயிட்டான். உனக்கு இப்பதான் தகவல் வந்திருக்கு.

மூடி வைக்கது ஓட்டு வீட்டுல ஒத்த ஓடு மாத்துற வேலை. புது ஓடு ஒரு நூல் தூக்கி நின்னா பக்கத்து ஓட்டுக்குக் கேடு. முட்டுல அது எதிர்ப்பக்கத்து நல்ல குருத்தெலும்பைச் சொரண்டிரும். கழுக்கோலே செல்லரிச்சிருந்தா, அதாவது காலு வளைஞ்சு, தேய்மானம் சுத்திலும் பரவியிருந்தா, ஒத்த ஓடு என்ன செய்யும்? ஆஸ்திரேலியாக்காரன் முட்டுக்கெல்லாம் பதிவேடு வச்சிருக்கான். அதுல இந்த மூடி வகை, தேஞ்ச பக்கத்தை மட்டும் மாத்துற ஒருபக்க முட்டைவிடவும் சீக்கிரமா மறு ஆபரேஷனுக்கு வந்து நிக்குது.

உடனே “அப்ப முழுசா மாத்திருவோம் மாமா”ன்னு குதிக்காதே. 2019-ல லான்செட் பத்திரிகையில பதிவேடுகளை வச்சு ஒரு கணக்கு வந்துது. முழு முட்டு நூறுல 82, ஒருபக்க முட்டு நூறுல 70, இருபத்தஞ்சு வருசம் தாங்குதாம். முழுசுதான் கெட்டின்னு தோணும். இதுல ஒரு சூது உண்டு. ஒருபக்கம் மாத்துனவன் வலிக்குதுன்னு வந்தா, “முழுசா மாத்திருவோம்”னு டாக்டருக்கு அடுத்த வழி இருக்கு. முழுசும் மாத்துனவன் வலிக்குதுன்னு வந்தா, அதை மறுபடி தொறக்க எவனுக்கும் கை வராது. ஆக, பதிவேடு எண்ணுறது மறு ஆபரேஷனை, வலியை இல்ல. அதே வருசம் இங்கிலாந்துலேருந்து இன்னொரு கணக்கும் வந்துது. 528 பேரை ரெண்டு கூட்டமாப் பிரிச்சு அஞ்சு வருசம் பாத்திருக்கான். சுகம் ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான், ஒருபக்கத்துக்குச் செலவு கம்மி.

வயசையும் பாக்கணும்லா. பிரதமரா இருந்த வாஜ்பாய் 2000-லயும் 2001-லயும் ரெண்டு முட்டையும் மாத்துனாரு. அப்ப அவருக்கு வயசு எழுபத்தஞ்சு தாண்டியாச்சு. எழுபதுக்கு மேல முழு முட்டு மாத்துனவனுக்கு ஆயுசுக்குள்ள மறு ஆபரேஷன் வர வாய்ப்பு நூத்துக்கு அஞ்சு. அம்பதைத் தாண்டுன கையோட மாத்துற ஆம்பளைக்கு முப்பத்தஞ்சு. நீ அம்பதையே எட்டலை.

உன் வீட்டுக்குப் பக்கத்துல பூஜப்புரையில ஸ்ரீ சித்திரா மருத்துவ நிலையத்துக்காரங்க இதய வால்வு செஞ்ச கதை தெரியுமா? அங்க இயக்குநரா இருந்த வலியத்தான் டாக்டர் காலத்துல முதல் மாதிரிகள் ஒவ்வொண்ணாத் தோத்துது. கடைசியில ஒருவகை பாலித்தீன் தட்டு வச்சு, 1990 டிசம்பர் 6-ல முதல் ஆளுக்குப் பொருத்துனாங்க. மாத்துற முட்டுல உலோகத்துக்கு நடுவுல வைக்கதும் அதே ஜாதி பிளாஸ்டிக்தான். வால்வு வருசத்துக்கு மூணரைக் கோடி தடவைக்கு மேல தொறந்து மூடும். முட்டு பத்து லட்சம் தடவைதான் மடங்கும், ஆனா உன் எடையைப்போல ரெண்டு மூணு மடங்கைச் சுமந்துக்கிட்டு மடங்கும். ஒரு கிலோ குறைச்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டுக்கு நாலு கிலோ குறையும். பழம்பொரித் தட்டை அங்க தள்ளி வை.

ஊசி, பயிற்சி, எடை எல்லாம் பாத்தும் முடியலைன்னா போய் மாத்து, நான் தடுக்கலை. 2017-லேயே சர்க்கார் செயற்கை முட்டு விலைக்கு உச்சவரம்பு வச்சிருக்கு, அதையும் விசாரிச்சுக்க. போனதும் டாக்டர்கிட்ட பவ்யமா ஒண்ணு கேளு: “சார், நீங்க நூறு முட்டு மாத்துனா அதுல எத்தனை ஒருபக்கம்?” இங்கிலாந்துக் கணக்குல அஞ்சுல ஒண்ணாவது ஒருபக்கமாச் செய்யுற கையிலதான் அது நல்லா நிக்குது. வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு செய்யுற கையில சீக்கிரமே கழண்டு வருது. அவரு முறைச்சாருன்னா மெதுவா எழும்பி வந்துரு. அதுக்கு இப்ப இருக்க முட்டே போதும்.