ஹெண்டியும் போனும்: சுவிஸ் தமிழில் ஒரு வேற்றுமை ஆய்வு

சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பேசும் பகுதிகளில் வாழும் ஈழத்தமிழர் வீடுகளில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் நாள்தோறும் புழங்குகின்றன. ஒன்று ‘போன்’, மற்றது ‘ஹெண்டி’. இரண்டும் ஒருபொருட் பன்மொழி என்பர் அறியாதார். அதை மறுக்கவே இவ்வாய்வு. லோசான், ஜெனீவாத் தமிழர் பிரெஞ்சுக்குள் குடியிருப்பதால் ஆய்வெல்லைக்கு வெளியே நிற்கிறார்கள். இழப்பு அவர்களுக்கே.

முதலில் பிறப்பு. ஹெண்டி ஆங்கிலச் சொல்தான், ஆனால் ஆங்கிலேயரிடம் அந்தப் பெயரில் கைபேசி கேட்டால் விழிப்பார்கள். அவர்களுக்கு அது கைக்கு வசதியான எதற்கும் ஒட்டும் வெறும் பெயரடை. ஜெர்மானியர் அதைப் பெயர்ச்சொல்லாக்கிக் கைபேசிக்குச் சூட்டினார்கள், பால் வகுப்பில் அஃறிணைக்கு நிகரான இடமும் கொடுத்தார்கள். சிறுமியைக் குறிக்கும் சொல்லையும் அதே பாலில் வைத்திருப்பவர்கள் என்பதால் இதில் நாம் பெருமைப்பட அதிகமில்லை. சுவிஸ்காரரிடம் ஏற்கெனவே ‘நாட்டெல்’ என்றொரு சொல் இருந்தது. தேசியக் கார்த் தொலைபேசி என்பதன் ஜெர்மன் சுருக்கம் அது, 1978இல் வந்தது. தொலைபேசி காரைவிட்டு இறங்கிச் சட்டைப் பைக்குள் புகுந்த பிறகும் பெயருக்குள் கார் ஓடிக்கொண்டே இருந்தது. 2017இல்தான் சுவிஸ்கொம் நிறுவனம் அப்பெயரைக் கைவிட்டது.

ஹகரம் தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வராது. நீக்கினால் மிஞ்சுவது ‘எண்டி’. எண்களை அழுத்துவதால் எண்டி ஆயிற்று, எனவே இது தூய தமிழே என்று யாராவது நிறுவப் புறப்பட்டால் தடுப்பது கடினம்.

இனி இலக்கணம். ஹெண்டி பொருட்பெயர், அவ்வளவுதான். அது தொலையும், சார்ஜ் இறங்கும், வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளையிடமிருந்து பறிக்கப்படும். போனோ பொருளுமாகும், செயலுமாகும். “போன் வந்தது” என்றால் யாரோ அழைத்திருக்கிறார். “ஹெண்டி வந்தது” என்றால் தபால்காரர் வந்து போயிருக்கிறார். முன்னது கருவியாகுபெயர். அந்தத் தகுதி ஹெண்டிக்கு இன்னும் கிட்டவில்லை. “ஹெண்டியை வைச்சிட்டு வாங்கோ பிள்ளை, அம்மம்மாக்குப் போன் எடுக்கோணும்” என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டும் தத்தம் எல்லையில் நிற்பதைக் காண்க. அந்தப் போன் எடுக்கப்படுவதும் அதே ஹெண்டியில்தானே என்பது மெய்யியலார் பாடு.

அடுத்தது தலையாய கண்டுபிடிப்பு. ஏட்டு ஜெர்மனில் அழைக்கப்படுபவர் இரண்டாம் வேற்றுமை ஏற்பார்: “என்னை அழை”. சூரிச், பெர்ன் பேச்சுவழக்கிலோ “லூட் மர் ஆ” என்பார்கள். ஏறக்குறைய “எனக்கு மணி அடி”. நான்காம் வேற்றுமை! நாமும் “எனக்குப் போன் அடி” என்றுதான் சொல்கிறோம். “என்னைப் போன் அடி” என்று சொன்ன தமிழர் இன்னும் பிறக்கவில்லை. உருபும் பொருந்துகிறது, அடியும் பொருந்துகிறது. ஆகவே பெர்னுக்கு நெருங்கிய உறவு பெர்லினா, பருத்தித்துறையா என்பதை அறிஞர் உலகம் மறுபடி யோசிக்க வேண்டும். ஒரேயொரு உருபை வைத்து உறவு கொண்டாடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். இதைவிட மெலிந்த சான்றுகளால் கண்டங்களையே இணைத்தவர்கள் நம்மிடையே உண்டு.

எஞ்சியிருப்பது ‘எடு’ என்னும் வினை. யாழ்ப்பாண வழக்கில் போன் எடுப்பது அழைப்பது. தமிழ்நாட்டிலோ அடிக்கும் போனுக்குப் பதில் சொல்வது. லுசேர்னில் பெண், மதுரையில் மாப்பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். “எட்டு மணிக்குப் போன் எடுங்கோ” என்கிறார் பெண். மாப்பிள்ளை எட்டு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அடிக்கட்டும் எடுக்கலாம் என்று உட்கார்ந்திருப்பார். அங்கே ஹெண்டியும் சும்மா கிடக்கும். மறுநாள் இருவீட்டுப் பெரியவர்களும் ஜாதகக் கட்டத்தைத் திரும்ப விரிப்பார்கள்.