எல்லை தாண்டினால் அம்மா இல்லை

பல்கேரியா என்ற நாட்டின் தேசிய அடையாளத்துக்கு ஓர் ஆபத்து வந்தது. பஞ்சமில்லை, படையெடுப்பில்லை. 2019-இல் ஸ்பெயினில் பிறந்த ஒரு பெண் குழந்தை. அவளுடைய பிறப்புச் சான்றிதழில் இரண்டு அம்மாக்கள்: ஒருவர் பல்கேரியர், இன்னொருவர் ஜிப்ரால்டரில் பிறந்த பிரிட்டிஷ் குடிமகள். இருவரும் 2018-இல் முறைப்படி மணம் முடித்தவர்கள். சான்றிதழைக் கொடுத்தது ஸ்பெயின் அரசு.

பல்கேரிய அம்மா தலைநகர் சோஃபியாவின் பாஞ்சரேவோ வட்டார அலுவலகத்தில் மகளுக்குப் பல்கேரியப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார். அந்த அலுவலகத்துப் படிவத்தில் அம்மாவுக்கு ஒரு கட்டம், அப்பாவுக்கு ஒரு கட்டம். இரண்டாவது அம்மாவை எங்கே எழுதுவது? எழுதினால் கிழிவது காகிதமா, நாடா? பயந்துபோன அதிகாரிகள், "இருவரில் பெற்றவர் யார்? ஆதாரம் காட்டுங்கள்" என்று கடிதம் அனுப்பினார்கள். அதைச் சொல்லும்படி எந்தச் சட்டமும் தன்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்றார் அவர். 2020 மார்ச்சில் விண்ணப்பம் தள்ளுபடி. இரண்டு பெண்கள் பெற்றோராக இருப்பது பொது ஒழுங்குக்கு விரோதமாம். இன்னும் நடக்கப் பழகாத ஒருத்தி பொது ஒழுங்கைக் குலைத்துவிட்டாள்!

பெற்றோரில் ஒருவரும் ஸ்பானியர் இல்லை என்பதால் ஸ்பெயின் குடியுரிமை அவளுக்குக் கிடையாது. பிரிட்டிஷ் அம்மா வழியாகவும் வர வழியில்லை. மிச்சமிருந்தது பல்கேரியா. 1980களின் இறுதியில் ஏறக்குறைய 90 லட்சம் பேர் வாழ்ந்த நாடு அது. 2021 கணக்கெடுப்பில் 65 லட்சம். பிள்ளைகள் பிறப்பதில்லை, பிறந்தவர்களும் தங்குவதில்லை என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் தேசம், தேடி வந்த குழந்தையை வாசலில் நிறுத்தி 'ஆதாரம் எங்கே' என்கிறது.

ஐரோப்பாவுக்கு இந்தச் சிக்கலைத் தீர்க்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1979-லேயே தீர்த்துவிட்டார்கள், மதுப் புட்டிக்கு. பிரான்சில் தயாரித்த 'காசிஸ்' என்ற பழ மதுவை ஜெர்மனிக்குள் விட மறுத்தார்கள். ஜெர்மன் சட்டம் கேட்ட 25 விழுக்காடு ஆல்கஹால் அதில் இல்லையாம். ஐரோப்பிய நீதிமன்றம் கண்டித்தது: ஒரு நாட்டில் சட்டப்படி தயாரித்து விற்பதை, தகுந்த காரணமில்லாமல் இன்னொரு நாடு தடுக்கக் கூடாது. அன்றிலிருந்து சாராயம் தலைநிமிர்ந்து எல்லை தாண்டுகிறது. புட்டியை யார் பெற்றார்கள் என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை.

அதே நீதிமன்றம் 2021 டிசம்பர் 14 அன்று குழந்தையின் வழக்கிலும் தீர்ப்பளித்தது. பிறப்புச் சான்றிதழுக்குக் காத்திராமல் பல்கேரியா அவளுக்கு அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ தர வேண்டும், இரு அம்மாக்களோடும் அவள் ஐரோப்பாவுக்குள் சுதந்திரமாகப் பயணம் செய்ய இடம் தர வேண்டும் என்றது. நல்லது. ஆனால் பயணத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே அந்த அங்கீகாரம். உள்நாட்டுக் குடும்பச் சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. அதாவது விமான நிலையத்தில் அம்மா, வீட்டுக்கு வந்தால் யாரோ.

அந்த அரை நீதியையும் பல்கேரியா விழுங்கவில்லை. சோஃபியாவின் கீழ் நீதிமன்றம் சான்றிதழ் கொடுக்கச் சொல்ல, அலுவலகம் மேல்முறையீடு செய்தது. 2023 மார்ச்சில் உச்ச நிர்வாக நீதிமன்றம் முடித்துவைத்தது: பல்கேரியப் பெண்தான் பெற்றவர் என்பது நிரூபணமாகவில்லை, ஆகவே குழந்தை பல்கேரியக் குடிமகளே அல்ல. குடிமகளே இல்லை என்றால் அடையாள அட்டை எதற்கு? ஐரோப்பாவின் உயர்ந்த தீர்ப்பை இவ்வளவு மரியாதையாகக் குப்பையில் போட முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

இத்தாலி இன்னும் ஒரு படி மேலே. 2023-இல் பதுவா நகரத்து அரசு வழக்குரைஞர், இரண்டு அம்மாக்கள் பெயர் தாங்கிய 33 பிறப்புப் பதிவுகளைத் திருத்தக் கோரி நீதிமன்றம் போனார். பள்ளிக்கூடம் போகும் வயதில் பிள்ளையின் ஓர் அம்மாவை அழிப்பான் கொண்டு அழிக்கும் முயற்சி அது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது, 2025 மே மாதம் அரசமைப்பு நீதிமன்றமும் இரண்டாவது அம்மாக்களின் பக்கம் நின்றது. ஆனால் இடையில், 2024-இல், இத்தாலியர் வெளிநாட்டுக்குப் போய் வாடகைத்தாய் மூலம் குழந்தை பெற்றாலும் குற்றம் என்று சட்டம் வந்துவிட்டது. அந்த வழியில் அப்பாவாக நினைக்கும் இரண்டு ஆண்களுக்குச் சிறை காத்திருக்கிறது. பெற்றோர் என்ற உரிமை எல்லைக் கோட்டில் செத்துவிழும்; குற்றம் மட்டும் கடவுச்சீட்டே இல்லாமல் உலகம் சுற்றும்!

ஒரு நாட்டில் பெற்றோர் என்றால் எல்லா நாட்டிலும் பெற்றோர் என்று 2020-இல் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லயன் முழங்கினார். கைத்தட்டல் ஓய்ந்து, 2022 டிசம்பரில் சட்ட முன்வரைவு வந்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றம் ஆதரித்தது. ஆனால் குடும்பச் சட்டம் என்றால் அதில் பங்கேற்கும் ஐரோப்பிய ஒன்றிய அரசுகள் எல்லாம் ஒருமனதாக ஒப்ப வேண்டும். ஒரே ஓர் அரசு தலையை ஆட்டாவிட்டால் போதும், கோப்பு உறங்கும். அடையாள அட்டை இல்லாத குழந்தையோ உறங்கி எழுந்து வளர்ந்துகொண்டிருக்கும்.

எல்லாம் குழந்தையின் நலனுக்காகத்தான் என்கிறார்கள். அந்த நலனையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அங்கீகாரம் இல்லாத அம்மாவால் மருத்துவமனையில் மகளுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. அவர் இறந்தால் மகள் அவருக்கு வாரிசு இல்லை. பெற்றவர் இறந்தால், இன்னோர் அம்மா கண்ணெதிரே உயிரோடு நிற்க, சட்டத்தின் கணக்கில் பிள்ளை அநாதை. இதைவிட அற்புதம் ஒன்று உண்டு. நாளை அந்த இருவரும் பிரிந்து, ஒருவர் பிள்ளையைக் கைவிட நினைத்தால், எல்லையைத் தாண்டினால் போதும். 'இவர் இந்தக் குழந்தைக்கு யாரோ' என்று அரசாங்கமே முத்திரை குத்தி வழியனுப்பும். பிள்ளையை விட்டு ஓடுபவருக்கு ஒத்தாசை, கட்டிக்கொண்டு அழுபவருக்குத் தண்டனை. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் குடும்பப் பாதுகாப்பு. அந்தப் பெயரைச் சூட்டியவர்களில் ஒருவரிடமாவது, 'உன்னைப் பெற்றவள் யார், நிரூபி' என்று எந்த அலுவலகமாவது எப்போதாவது கேட்டிருக்குமா?