சாருக்கு இன்னும் வயசிருக்கு

(புதுப்பட்டினம் கடைத்தெரு. சார், கல்பாக்கத்தில் கதிரியக்கப் பாதுகாப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மீன்காரம்மா, பக்கத்து வீட்டுப் பெரியவர் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பாவத்துக்குச் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு நடையாய் நடந்தவர்.)

சார்: உயிலா? எழுதின கையோட எமனுக்குத் தந்தி போயிடும்மா. எதுக்கு அதெல்லாம்? பேங்க், ஷேர் எல்லாத்துலயும் பையன்தான் நாமினி.

மீன்காரம்மா: நாமினின்னா பணத்தை வாங்கி வெச்சுக்கறவரு. உரிமைக்காரரு இல்ல. ஷேரு விஷயத்துல 2023 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சாம். கோர்ட்டு வராண்டாவுல கேட்டது.

சார்: வீடு என் சொந்தச் சம்பாத்தியம். தானா பையனுக்குப் போயிடும்.

மீன்காரம்மா: எழுதாமப் போனா உங்க வீட்டம்மா, பொண்ணு, பையன் மூணு பேருக்கும் சமபங்கு. உங்க தாயாரு இருக்காங்களே, அவங்களுக்கும் ஒண்ணு.

சார்: பொண்ணுக்குத்தான் நகை போட்டாச்சே!

மீன்காரம்மா: அந்தக் கணக்கு மண்டபத்தோட சரி. ஜெயலலிதாம்மா 2016 டிசம்பர் 5-ல போனாங்க, உயில் இல்ல. போயஸ் தோட்டத்து வீட்டை அரசாங்கம் எடுத்துச்சு, அண்ணன் பிள்ளைங்க கோர்ட்டுக்குப் போனாங்க. வாரிசுன்னு தீர்ப்பு வந்தது 2020-ல. அரசாங்கம் எடுத்தது செல்லாதுன்னு ஆனது 2021 நவம்பர்ல.

சார்: அவங்க முதலமைச்சர். நான் பென்ஷன்காரன்.

(புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,000 வருஷம் ஆகும் என்று எவரையும் நிறுத்திவைத்துச் சொல்வார். தான் போன மறுநாள் பீரோ சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டால் மட்டும் முகம் கடுக்கும்.)

சார்: இவ்வளவு தொல்லைக்கு, இப்பவே பையன் பேருக்குச் செட்டில்மென்ட் பண்ணிடறேன்.

மீன்காரம்மா: உயில்னா மூச்சு இருக்கற வரைக்கும் மாத்தலாம். செட்டில்மென்ட் ரிஜிஸ்தர் ஆச்சுன்னா அன்னிக்கே வீடு கைமாறிடும். அப்புறம் சோறு போடலேன்னு, பெத்தவங்களைப் பராமரிக்கச் சொல்ற 2007 சட்டத்தைக் கையில வெச்சிக்கினு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல நிப்பீங்க.

சார்: சரி, வெள்ளைத்தாள்ல எழுதி லாக்கர்ல பூட்டறேன். ரிஜிஸ்தர் கட்டாயமில்ல, முத்திரைத்தாள் வேணாம். படிச்சிருக்கேன்.

மீன்காரம்மா: ரெண்டு சாட்சி?

சார்: என் சொத்துக் கணக்கு ஊருக்கெல்லாம் தெரியணுமா?

மீன்காரம்மா: சாட்சி உள்ள படிக்கவே வேணாம். நீங்க கையெழுத்துப் போடறதைப் பார்த்து, உங்க எதிர்க்க அவங்களும் போடணும். வழக்குன்னு வந்தா ஒருத்தராவது கூண்டேறணும். என்னை அந்த வக்கீலு குடைஞ்சு எடுத்தாரு. பேனா என்ன கலரு, பெரியவரு உக்காந்திருந்தாரா படுத்திருந்தாரா, புத்தி தெளிவா இருந்துச்சான்னு. கடைசில எனக்கே தெளிவு போச்சு.

சார்: அனுபவம் இருக்கு. நீயே போட்டுடேன்.

மீன்காரம்மா: எனக்கு அறுபத்தெட்டு. உங்களுக்கு முன்னாடி நான் போயிட்டா? அந்த டீக்கடைப் பையனைக் கூப்பிடுங்க. அம்பது வருஷம் உழைப்பான்.

சார்: நாளைக்கு அஷ்டமி. மறுநாள் நவமி. அடுத்த மாசம் பார்க்கலாம்.

மீன்காரம்மா: பாருங்க சார். ஆனா வஞ்சிரத்துக்குக் காசை இப்பவே குடுத்துடுங்க. உங்க வாரிசு யாருன்னு கோர்ட்டு சொல்ற வரைக்கும் என்னால காத்துக்கினு இருக்க முடியாது.