சங்கிலியை அவிழ்க்க ஒரு பத்து சென்ட்

ஐதராபாத்தில், கொண்டாப்பூரில், 2018ஆம் ஆண்டு மாநகராட்சியே நாய்களுக்கென்று ஒரு பூங்கா திறந்தது. குப்பை கொட்டிக் கிடந்த 1.3 ஏக்கரைச் சுத்தம் செய்து, ஒரு கோடிக்கு மேல் செலவழித்துக் கட்டியது. பெங்களூரு கப்பன் பூங்காவிலும் நாய்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. இதையெல்லாம் கைபேசியில் பார்த்துவிட்டு, தண்டலம் பக்கம் புதிதாக வில்லா வாங்கிக் குடிவந்திருக்கும் அன்பர்கள் கேட்கிறார்கள்: "நம்ம ஏரியாவில் நாயைச் சங்கிலி இல்லாமல் ஓடவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது?"

நல்ல கேள்வி. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில் இடத்துக்கா பஞ்சம்? வாருங்கள், சுற்றிக் காட்டுகிறேன். நாயை வண்டியிலேயே வைத்திருங்கள். எங்கேயும் இறக்க விடமாட்டார்கள்.

முதலில் இருங்காட்டுக்கோட்டை. 1990 முதல் இங்கே மோட்டார் பந்தயத் தளம் இருக்கிறது. சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம். சிக்னல் கிடையாது, குறுக்கே மாடு வராது, நாள் முழுக்க ஓடலாம். நீங்கள் காராகப் பிறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்து ஒரகடம். அங்கே ஒன்றிய அரசு ஏறக்குறைய 300 ஏக்கரில் வாகன ஆராய்ச்சி மையம் அமைத்திருக்கிறது. புது வண்டி எவ்வளவு தாங்கும் என்று ஓட்டிப் பார்க்கத் தடங்கள் போட்டிருக்கிறார்கள். (தாங்குமா என்று பார்க்க எங்கள் சர்வீஸ் ரோடே போதும். இவ்வளவு செலவு செய்திருக்க வேண்டாம்.) வண்டியை மோதிப் பார்க்கவும் ஆய்வுக்கூடம் உண்டு. உள்ளே உட்காரவைத்த பொம்மைக்கு எங்கே அடி, எவ்வளவு அடி என்று துல்லியமாக அளப்பார்கள். வெளியே நெடுஞ்சாலையை ஓடிக் கடக்கிற மனிதனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாய்க்குக் கேட்கவே வேண்டாம். தார் ரோட்டோடு தாராகி, மூன்று நாளில் லாரி டயர்கள் அதை எடுத்துப் போய்விடும்.

பிறகு சிப்காட். சுவர், சுவர், சுவர். சுவருக்குள்ளே தொழிற்சாலை இருந்தால் சரி. ஒன்றுமே கட்டாமல் வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கிற நிலத்துக்கும் சுவர் இருக்கிறது, இரும்புக் கதவு இருக்கிறது, அதற்குக் காவலாக நாலாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து வந்தவர்போல் வாடிய முகத்தோடு ஒரு வடக்கத்தி இளைஞர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் துணை யார்? ஒரு தெருநாய். இந்த வட்டாரத்தில் தொழிற்பேட்டை நிலத்துக்குள் சங்கிலி இல்லாமல் நுழைய அனுமதி பெற்ற ஒரே ஜீவன் அதுதான். மாதச் சம்பளம் பாதி பிஸ்கட்.

இதெல்லாம் முன்னே என்னவாக இருந்தது? மாடு மேய்ந்த மேய்க்கால் புறம்போக்கு, நெல் அடித்த களம், பசங்க பந்தடித்த கரம்பு. அங்கே எந்த நாய்க்கும் பட்டை இல்லை. அதற்குப் பூங்கா என்று பெயர் வைக்கவில்லை, ரிப்பன் வெட்டவில்லை, கல்வெட்டு நடவில்லை. அதனால்தான் அது அதிகாரிகளின் கண்ணுக்குக் காலி இடமாகத் தெரிந்தது.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரை பக்கத்தில்தானே என்பீர்கள். சென்னை குடிக்கிற தண்ணீர் அது. அதை விட்டுவிடுவோம்.

சரி, உங்கள் வில்லாவுக்கே வருவோம். மனை விற்கும்போது கொடுத்த வழவழ புத்தகத்தில் 'பெட் பார்க்' என்று ஒரு பக்கம் வந்திருந்ததே! பச்சைப் புல்லில் தங்க நிற நாய் ஒன்று துள்ளி ஓட, பின்னால் வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். நேரில் போய்ப் பாருங்கள். அரை கிரவுண்டு தேறாத இடத்தில் பிளாஸ்டிக் புல். நண்பகலில் அதில் கால் வைத்தால் நாய்க்குப் பாதம் வெந்துவிடும். பக்கத்தில் குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்புப் பலகை: நாய் குரைக்கக் கூடாது, புல்லில் சிறுநீர் கழிக்கக் கூடாது, சங்கிலியை அவிழ்க்கக் கூடாது. இதற்குப் பெயர் நாய்ப் பூங்கா. இந்த விதிகளை ஒழுங்காகப் பின்பற்றக்கூடிய நாய் சுடுமண்ணில் செய்ததாகத்தான் இருக்க வேண்டும்.

நாய்க்காரர்களையும் நான் விடுவதாயில்லை. சித்திரை வெயிலில் தண்டலத்தில் ஹஸ்கி வளர்க்கிறீர்கள். பனியில் வண்டி இழுக்கப் பிறந்த உயிரை ஏசி அறையில் பூட்டிவைத்து, சாயங்காலம் பத்து நிமிடம் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போய், அடுத்தவர் கேட்டுக்கு முன்னால் கழிக்கவிட்டு, அள்ளாமல் வருகிறீர்கள். அதற்குப் பெயர் பிராணி நேசம். கரிசல் காட்டில் முயல் விரட்டிய சிப்பிப்பாறையும் கன்னியும் கூட இப்போது அந்தஸ்துக்காக 600 சதுர அடி வீட்டுக்கு வந்துவிட்டன. ராஜபாளையத்துக்கு 2005இல் அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது. நாட்டு நாய்க்கு அரசாங்கம் ஒதுக்கிய பரப்பளவு இன்றைய தேதிவரை அந்த அளவுதான்.

இடம் இல்லாத ஊரில் நாயை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2024 மே மாதம் ஆயிரம் விளக்கில், மாநகராட்சிப் பூங்காவில், இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. அவள் அந்தப் பூங்காக் காவலாளியின் மகள். பூங்காவுக்குள்ளேயேதான் அந்தக் குடும்பம் குடியிருந்தது. வீடே பூங்காவாகிப் போன பிள்ளைக்குப் பூங்காவிலும் பாதுகாப்பில்லை. அதன் பிறகு வந்தன உத்தரவுகள்: சங்கிலி, வாய்க்கூடு, உரிமம். 2025இல் உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். வேண்டியதுதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் எங்கே கட்ட வேண்டும் என்று இவ்வளவு விவரமாகச் சொன்னவர்கள், எங்கே அவிழ்க்கலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அபராத ரசீதில் வருமானம் உண்டு. வேலி போட்ட திடலில் செலவு மட்டுமே உண்டு.

வீட்டு நாய் கதை இப்படி. தெருநாய்? 2024இல் தமிழ்நாட்டில் நாய்க்கடி 4.8 லட்சம், வெறிநோய்ச் சாவு 43. கருத்தடை செய்ய வேண்டிய பொறுப்பு உள்ளாட்சிக்கு என்று விதி சொல்கிறது. பல்பு மாட்டவே படி ஏறி இறங்கும் ஊராட்சி, அறுவைக்கூடத்துக்கு எங்கே போகும்? 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தெருநாய்க்குச் சோறு வைக்கத் தனி இடம் ஒதுக்கச் சொன்னது. எங்கள் பக்கம் அந்த உத்தரவு வருவதற்கு முன்பே அமலாகிவிட்டது. சர்வீஸ் ரோடு நெடுக கோழிக்கடைக் கழிவும் பிரியாணிக்கடை எலும்பும் கொட்டி வைத்திருக்கிறோம்.

அந்தக் குப்பை மேட்டருகேதான் இரவு ஷிப்டு முடிந்தவர்களைக் கம்பெனி பஸ் இறக்கிவிடும். இருட்டில் சைக்கிளை மிதித்த ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி, கெண்டைக்காலில் கட்டோடு என்னிடம் சொன்னார்: "ஊசி ஜி.எச்.ல ஃப்ரீதாண்ணா. இன்னிக்கு ஒண்ணு, மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள்னு வரச் சொன்னாங்க. நாலு நாள் லீவுக்கும் கான்ட்ராக்டர் சம்பளத்தைப் புடிச்சிட்டான். எது வெறிநாய்னே தெரியலண்ணா."

மனிதருக்கே ஓட இடம் இல்லாத ஊரில் நாய்க்குத் திடல் கேட்கிறானே என்று யாராவது கேட்பார்கள். கேளுங்கள், அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு நஞ்சாகி, பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் இப்படி ஒரு கூட்டம் இங்கே படுத்து எழுந்து வேலைக்குப் போகிறது என்பதே பலருக்குத் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 20 ஏக்கரில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது. முன்பிருந்த கொட்டடிகளோடு பார்த்தால் முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் வகுத்துப் பார்த்தேன்: ஆளுக்கு நாற்பத்தாறு சதுர அடி நிலம். மாடி மேல் மாடி கட்டினால் அறை கூடும், மண் கூடாது. கொண்டாப்பூர் நாய்கள் கொடுத்துவைத்தவை.

இப்போது ஒரு ரகசியம். நீங்கள் தேடுகிற இடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல், மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு இலவசமாகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். பூங்கா, விளையாட்டுத் திடல் தவிர வேறெதற்கும் அதைத் தொடக்கூடாது. 'ஓ.எஸ்.ஆர். இடம்' என்பார்கள். இந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். விதி செல்லும் என்று 2023இல் தீர்ப்பாகிவிட்டது. பத்து ஏக்கர் மனைப்பிரிவில் எழுபது சென்ட் தேறும். தண்டலத்தைச் சுற்றி இத்தனை நகர்கள் முளைத்திருக்கின்றனவே, அத்தனை எழுபது சென்ட்டும் எங்கே?

ஒன்றைப் பார்த்தேன். துருப்பிடித்த பலகையில் 'பூங்காவுக்காக ஒதுக்கப்பட்ட இடம்' என்பதில் 'பூ' மட்டும் மிஞ்சியிருந்தது. உள்ளே கட்டட இடிபாடு, உடைந்த பீங்கான் கக்கூஸ், மது பாட்டில், ஒரு ஜல்லி வியாபாரியின் குவியல். ஒரு மூலையில் யாரோ பிரமுகரின் கார் நிற்கத் தகரக் கொட்டகை. பொதுமக்கள் யாரும் அதைப் பூங்கா என்று நம்பவில்லை. ஆறு நாய்கள் மட்டும் நம்பி, குட்டி போட்டுக் குடியிருந்தன. சட்டத்தை மதித்து நடப்பது இந்த ஊரில் அவை மட்டுமே.

நாய்த் திடல் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பத்து சென்ட் போதும். ஐந்தடி உயரக் கம்பிவலை, ஒன்றைச் சாத்தினால்தான் மற்றொன்று திறக்கும்படி இரட்டைக் கதவு, இரண்டு புங்கமரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, தடுப்பூசிச் சீட்டு இல்லாத நாய்க்கு அனுமதி இல்லை என்று ஒரு விதி. அதே வேலிக்கு வெளியே மீதி அறுபது சென்ட்டில் பிள்ளைகள் பந்தடிக்கட்டும். ஷிப்டு முடித்த பெண்கள் யாரும் நேரம் குறிக்காமல் நடக்கட்டும். இதற்கு வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் தேவையில்லை, ஒப்பந்தம் போட முதலீட்டாளர் மாநாடு தேவையில்லை. ஒருவேளை அதனால்தான் நடக்கவில்லையோ என்னவோ.

ஆகவே, நாய் வளர்க்கும் பெருமக்களே, பிள்ளை வளர்ப்பவர்களையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் திறந்தவெளிக்கான தானப் பத்திரத்தின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். கையில் நகல் வந்ததும் அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று, சர்வே எண்ணைச் சொல்லி, இடத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வரிசையாக நாள் இருக்கிறது.