காது கேட்கிற கேள்விகள்

(இந்த முறை சென்னை நொச்சிக்குப்பத்து மீனவர்களிடமிருந்து வந்தவை மட்டும்.)

கேள்வி: ஃபைபர் போட்டுல பின்னாடி உக்காந்து இன்ஜின் புடிக்கிற ஆளு நான். வூட்ல பேசறது காதுல வுழுது, என்னா பேசறாங்கன்னுதான் வெளங்கல. வயசா, இன்ஜினா?

வயதுக்கும் பங்கு உண்டு அண்ணே, ஆனால் என் முதல் சந்தேகம் இன்ஜின்மேல்தான். உட்காதில் சுருண்டு கிடக்கும் குழாய்க்குள், ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. பெரும் சத்தம் அவற்றைச் சோர வைக்கும். தினமும் தொடர்ந்தால் சாகடிக்கும். பறவைகளுக்கு அவை மறுபடி முளைக்கும், நமக்கு முளைக்காது. முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலிகள். அதனால் அ, ஆ, ஓ எல்லாம் நன்றாகவே கேட்கும். ச, ட, த ஒலிகளின் கூர்மை மட்டும் மங்கும். பேத்தி ‘பட்டு’ என்றாளா, ‘பத்து’ என்றாளா என்று தடுமாறுவீர்கள். அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாலும் இந்தக் குழப்பம் முழுதாகத் தீராது.

கேள்வி: எங்கப்பாவும் இதே மாதிரி இன்ஜின்லதான் போனாரு. ‘காது பழகிடும்டா’ம்பாரு. பழகுமா?

பழகாது. கேட்கும் திறன் குறைந்துவிட்டதால் சத்தம் குறைந்ததுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். கட்டுமரத்தில் பாய் விரித்துப் போன உங்கள் தாத்தா காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின, இன்ஜின்களும் கூடவே பெருகின. உழைப்பு குறைந்தது பெரிய நன்மை. ஆனால் நிவாரணமாகப் படகைக் கொடுத்தவர்கள் காதுக்கு ஒரு அடைப்பானையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

கேள்வி: எவ்ளோ நேரம் தாங்கும் காது?

85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100-க்கு வெறும் 15 நிமிடம். எண் ஏறுவது கொஞ்சம், ஆபத்து ஏறுவது ரொம்ப. அளக்க மீட்டர் தேவையில்லை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், 85-ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் தொழிற்சாலைகளுக்கு இதைவிடத் தளர்வாக, 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. ஆனால் கடலில் நிற்கும் தொழிலாளியின் காதை அளக்க எந்த ஆய்வாளரும் படகேறி வருவதில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு.

கேள்வி: பஞ்சு வெச்சுக்கிட்டா போதாதா தம்பி?

போதாதும்மா. பஞ்சு குறைப்பது மிகக் கொஞ்சம். மருந்துக்கடையில் நுரை அடைப்பான் கேட்டு வாங்கி, கடலுக்குப் போகிறவருக்குக் கொடுங்கள். சுத்தமான, காய்ந்த கையால் அதை மெல்லிய குச்சியாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சும்மா வாசலில் செருகினால் பஞ்சுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. வலை தொட்ட கையோடு செய்ய முடியாது. ஆகவே கரையிலேயே மாட்டிக்கொண்டு ஏறச் சொல்லுங்கள். இன்ஜினை அணைத்து வலை போடும்போது எடுத்துவிடட்டும். வேறு படகு வருவதும் அலை மாறுவதும் காதுக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: சாவு ஊர்வலத்துல வெடி போட்டாங்க. எம்புள்ள பக்கத்துலயே நின்னான். அன்னைலேர்ந்து காதுல ‘ங்ஙொய்’னு சத்தம்.

இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இன்றே ராயப்பேட்டை அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வெடி மற்ற சத்தம் போல மெல்ல மெல்லக் கெடுப்பதில்லை. ஒரே அடியில் செல்களைப் பிய்த்துவிடும். திடீரென்று கேட்பது குறைந்தால் சிகிச்சைக்கு நாட்கள்தான் அவகாசம், வாரங்கள் அல்ல. காய்ச்சிய எண்ணெய், பூண்டுச்சாறு எதுவும் ஊற்றாதீர்கள்; சவ்வு கிழிந்திருந்தால் நிலைமை மோசமாகும். சட்டம் அனுமதிக்கும் வெடியே 4 மீட்டர் தள்ளி 125 டெசிபல். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். அடுத்த ஊர்வலத்தில் பையனைத் தெருமுனைக்கு அனுப்புங்கள். இறந்தவருக்கு அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கேள்வி: திருவிழாவுல ஸ்பீக்கர் எங்க வூட்டு ஜன்னலைப் பாத்தே நிக்குது. சாமி காரியம், எப்படிச் சொல்றது?

ஊர்ப் பெரியவர்களிடம் விழாவுக்கு ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள், பாட்டு ஓடும்போது சண்டைக்குப் போகாதீர்கள். ஸ்பீக்கரை உயரத்தில் கட்டி கடற்கரைப் பக்கம் திருப்பினாலே பாதி வேலை முடிந்தது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழாவுக்காக அரசு வருடத்தில் அதிகபட்சம் 15 நாட்களுக்கு நள்ளிரவுவரை தளர்த்தலாம். சொல்லியும் கேட்காவிட்டால் காவல்துறையைக் கூப்பிட உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: போன காது திரும்புமா?

திரும்பாது. ஆனால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம்; காதொலிக் கருவி பேச்சைத் தெளிவாக்கும். கண்ணாடி போடுவதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை, இதற்கும் வேண்டாம்.

கேள்வி: டெஸ்ட் எடுக்க எப்ப போறது?

கடலுக்குப் போகாத நாளில். கரையேறிய கையோடு போனால், சோர்ந்த காது உண்மையைவிட மோசமாகக் காட்டும். முந்தின நாள் மதியத்திலிருந்து இன்ஜின் பக்கம் போகாமல், மறுநாள் காலையில் போய் ‘ஆடியோகிராம் எடுக்கணும்’ என்று கேளுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட அது வேண்டும்.