முகநூல் மிராசுதார்

மாம்பலத்தில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் நம் மிராசுதாருக்கு நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது. தாத்தாவின் தஞ்சாவூர் நிலத்தை விற்றுத்தான் இந்த ஃபிளாட்டே வந்தது. ஆனாலும் 2009 ஜூனில் ஸிங்கா நிறுவனம் முகநூலில் ஃபார்ம்வில் விளையாட்டை இறக்கியதும் பரம்பரை ரத்தம் விழித்துக்கொண்டது.

அங்கே விவசாயம் அவருக்குத் தோதாக இருந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பார்களா என்று கவலைப்பட வேண்டாம். கூலியாள், உரத் தட்டுப்பாடு, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத் தகராறு, எதுவும் கிடையாது. விதைத்தால் நாலு மணி நேரத்தில் ஸ்ட்ராபெர்ரி தயார். வேளைக்கு அறுக்காவிட்டால் மட்டும் வாடிவிடும். ஆகவே ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம். மச்சினி கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் ஆளைக் காணோம். மண்டபத்து மாடிப்படியில் லேப்டாப்பும் டேட்டா கார்டுமாக அறுவடையில் இருந்தார்.

"ஏங்க, பால்கனித் துளசிக்குத் தண்ணி ஊத்தி மூணு நாளாச்சு."

"இரும்மா, மாட்டைக் கவனிச்சுட்டு வரேன்."

எதிர் ஃபிளாட்டுக்காரர் பெயர் அவருக்குத் தெரியாது. ஃபார்ம்வில்லில் அது நடக்காது. அக்கம்பக்கத்து வயல்காரர்கள் இருந்தால்தான் நிலத்தைப் பெருக்கலாம். இல்லையென்றால் நிஜக் காசை எடுத்து வைக்க வேண்டும். மிராசுதார் ஆள் பிடித்தார். கல்லூரித் தோழர்கள், சிகாகோ ஒன்றுவிட்ட தம்பி, ஓய்வுபெற்ற பழைய மேனேஜர் எல்லாரும் பங்காளிகள் ஆனார்கள். அவர் போய் அவர்கள் பயிருக்கு உரம் போட்டார். மரம் அனுப்பினார், மாடு அனுப்பினார். கல்யாண வீட்டு மொய் போல, வைத்தது வட்டியில்லாமல் திரும்பி வந்தது. வங்கியில் வருஷக்கணக்காகக் கடன் மனுக்களைப் புரட்டியதற்கு ஒருவரும் நன்றி சொன்னதில்லை. இங்கே ஒரு பசுவுக்கு மேனேஜரே நன்றி சொன்னார்!

செய்த வேலைக்குக் கைமேல் பலன். அதைப் பார்த்து மெச்ச நாலு பேர். மனுஷன் கேட்டது அவ்வளவுதான். அலுவலகமும் அடுக்குமாடியும் கொடுக்கவில்லை, ஒரு பொம்மை வயல் கொடுத்தது.

2020 டிசம்பர் 31-ஆம் தேதி, அதை ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருளோடு ஃபார்ம்வில்லையும் மூடினார்கள். மிராசுதார் துவண்டுவிடவில்லை. இப்போது கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் விளையாட்டில் தளபதி. அவர் சொல்லுக்கு நாற்பத்தொன்பது பேர் கட்டுப்படுகிறார்கள். வங்கியில் இன்னும் உதவி மேலாளர்தான்.