புழல் ஏரியில் ஓர் இடம் ஒதுக்கித் தருமாறு வேண்டி

அனுப்புநர்: சிப்காட்டில் லேத் பட்டறை நடத்துபவர், கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்: முதன்மைத் தலைமைப் பொறியாளர், நீர்வளத் துறை, சேப்பாக்கம், சென்னை.

நகல்: இந்திய விமான நிலைய ஆணையம், மீனம்பாக்கம் (தகவலுக்காக மட்டும்).

பொருள்: இன்னும் வாங்காத சிறு விமானம் ஒன்றை மழைக்காலத்தில் புழல் ஏரியில் நிறுத்திவைக்க அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் துறை ஆண்டுதோறும் வெளியிடும் வெள்ள அபாய எச்சரிக்கைகள்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

பொருளைப் படித்ததுமே, மனு தப்பான மேசைக்கு வந்துவிட்டது என்று ஓரத்தில் எழுதி மீனம்பாக்கத்துக்குத் தள்ளிவிடத் தங்கள் கை பேனாவைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். விமானம் எங்கே நிற்கலாம் என்று ஆணையம் சொல்லும். அங்கே அது நிற்குமா, மிதக்குமா என்பது தங்கள் துறையின் கையில் இருக்கிறது. அதனால்தான் அசல் தங்களுக்கு, நகல் அவர்களுக்கு.

வானூர்தி, பாதுகாப்புத் தொழில்களுக்கென்று தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. அன்றிலிருந்து என் பட்டறைக்கும் விமான உதிரிபாக ஆர்டர் வரும் என்று காத்திருக்கிறேன். இதுவரை வந்ததெல்லாம் டிராக்டர் புஷ். சொந்தமாக ஒரு விமானம் வைத்திருந்தால் பார்ட்டிகளுக்கு நம்பிக்கை வரும் என்று தோன்றியது. பழைய செஸ்னா 172 ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறேன். நாலு பேர் உட்காரலாம். ஆளும் எண்ணெயும் ஏற்றிக் கிளம்பும்போதுகூட 1,111 கிலோவைத் தாண்டக் கூடாது. "வாங்குறது இருக்கட்டும், மழையில எங்க நிறுத்துவீங்க?" என்று வீட்டம்மா கேட்டார். நியாயமான கேள்விதானே.

முதலில் மீனம்பாக்கத்தைத்தான் நினைத்தேன். அங்கே அடையாற்றின் மேல் பாலம் கட்டி, பாலத்தின் மேல் இரண்டாவது ஓடுதளத்தை நீட்டியிருக்கிறார்கள். ஆற்றுக்கு மேலே விமானம் பறப்பது எல்லா ஊரிலும் உண்டு. இங்கே ஓடவும் செய்யும். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டபோது, தன் தலைக்கு மேல் என்னதான் நடக்கிறது என்று ஆறு எட்டிப் பார்த்தது. விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. பெரிய விமானங்கள் சக்கரம் முழுகி நின்றன. சின்னவை சில இடம் நகர்ந்து, மூக்கை நிமிர்த்திக்கொண்டு, குப்பை செத்தையோடு சாய்ந்து கிடந்த படங்களைத் தாங்களும் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள்.

தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018இல் அந்த வெள்ளத்தை மனிதர்களால் உண்டான பேரிடர் என்றது. எனக்கு இதில் உடன்பாடில்லை. நம் ஊரில் மனிதர்கள் எதையாவது உண்டாக்க வேண்டுமென்றால் டெண்டர் விட்டாக வேண்டும். அதற்கு டெண்டர் விட்டதாகத் தகவல் இல்லை. தவிர, அன்றைக்குத் தாங்கள் பொதுப்பணித் துறைக்குள் இருந்தீர்கள். 2021இல்தான் தனித் துறையானீர்கள். பாகப்பிரிவினையில் ஏரிகள் வந்திருக்கும், பழி வந்திருக்காது.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். நிலையம் மறுபடி மூடப்பட்டு மறுநாள் காலையில்தான் திறந்தது. ஆக, தேதிகூட ஏறக்குறைய நிலையாக இருக்கிறது. முன்பதிவு செய்துவிடலாம்.

கட்டிவைக்கலாமே என்று கேட்பீர்கள். இறக்கைகளின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாகவும் வாலடியில் ஒன்றாகவும் வளையங்கள் உண்டு. தரையில் கான்கிரீட்டில் புதைத்த கொக்கியோடு அவற்றைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். காற்றுக்கு அது போதும். தண்ணீர் வந்தால் கதை வேறு. செஸ்னாவுக்கு எரிபொருள் தொட்டி இறக்கைக்குள்ளே இருக்கிறது. தொட்டி காலியென்றால் இறக்கையே மிதவை. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த மரக்கட்டை முதலில் மிதந்து போகும், பின்னாலேயே விமானம் கிளம்பும். தொட்டியை நிரப்பி எடையேற்றி வைக்கலாம்தான். ஆனால் பறக்காமல் இருப்பதற்காக விமானத்துக்கு எண்ணெய் போட்டேன் என்று எந்த ஆடிட்டரிடம் சொல்வது? அப்படியே நின்றாலும் சேற்றுத் தண்ணீர் வீல் பேரிங்குக்குள் போகும், இன்னும் ஏறினால் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவுக்குள் போகும். எஞ்சின் முழுகிவிட்டால் முழுக்கப் பிரித்து மாட்டித்தான் ஆக வேண்டும். இறக்கைக்கடியில் பிட்டோ என்று விரல் தடிமனில் ஒரு குழாய் உண்டு. அதில் துளி சேறு அடைத்தால் வேகமானி வாய் கூசாமல் பொய் சொல்லும்.

எங்களுக்கென்று ஒரு முறை இருக்கிறது. ரெட் அலர்ட் என்று டிவியில் வந்தால் பட்டறையில் லேத் மோட்டாரைக் கழற்றி, செயின் பிளாக்கில் தூக்கி, கூரைச் சட்டத்தில் தொங்கவிட்டு, பெட்டின் மேல் கிரீஸை அப்பிவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவோம். அந்த நாட்களில் உள்ளே எட்டிப் பார்ப்பவருக்கு ஆட்டுக்கறிக் கடை போலத் தெரியும். செஸ்னாவையும் ஒரு டன் செயின் பிளாக்கில் தொங்கவிட முடியுமா என்று அளந்து பார்த்தேன். எடை பிரச்சினை இல்லை. இறக்கை 36 அடி, என் ஷெட் 30 அடி.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் ஒரே நல்ல வழி, வெள்ளம் வருமுன் வேறு ஊருக்குப் பறந்துவிடுவது. அதற்கு முன்கூட்டியே தெரிய வேண்டுமே! தங்கள் எச்சரிக்கை 'கரையோர மக்கள்' பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லச் சொல்கிறது. ஆணையத்தின் நோட்டாம் என்ற அறிவிப்பு, ஓடுதளம் மூடப்பட்டதை விமானிகளுக்குச் சொல்கிறது. கரையோரத்தில் நிற்கும் விமானம் இரண்டில் எதைப் படிக்க வேண்டும்?

எங்கள் மாவட்டத்திலேயே இடம் இல்லையா என்றால், இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்ட சோழவரம் ஓடுதளம் ஏரிக்குப் பக்கத்தில்தான். போர் முடிந்ததும் அதில் கார், பைக் பந்தயம் விட்டோம். 1990 வாக்கில் அதுவும் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. சென்னையின் புதிய விமான நிலையத்துக்குக் கடைசிச் சுற்றில் எங்கள் பன்னூரும் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரும் மோதி, 2022இல் பரந்தூர் வென்றது. அந்தத் திட்டப் பகுதிக்குள்ளும் ஏரி, குளம், கால்வாய் எல்லாம் இருக்கின்றன. அங்குள்ள ஏகனாபுரத்துக்காரர்கள் அன்றிலிருந்து போராடுகிறார்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் விமான நிலையம் கட்டும் நிலையைத் தாண்டி, தண்ணீரின் மேலேயே கட்டும் அளவுக்கு நாடு முன்னேறியிருப்பதை அவர்கள் புரிந்துகொள்ளவில்லை.

ஆகவேதான் ஐயா, சுற்றி வளைக்காமல் நேராக ஏரியையே கேட்கிறேன்.

இது புதிய வழக்கமும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் ஸ்குவாட்ரன் கேட்டலினா பறக்கும் படகுகளைத் தங்கள் செங்குன்றம் ஏரியில்தான், அதாவது இதே புழலில்தான், நிறுத்தியிருந்தது. நூறு அடிக்கு மேல் இறக்கை. அங்கிருந்து கிளம்பி வங்கக் கடலைச் சுற்றிவிட்டு அதே தண்ணீரில் வந்து இறங்கும். வெள்ளைக்காரன் ஏரியில் விமானத்தை நிறுத்தினான். நாம் விமானம் நிற்கும் இடத்தில் ஏரியை நிறுத்துகிறோம். அண்மைய முன்னுதாரணம் வேண்டுமென்றால், 2020 அக்டோபர் 31 அன்று பிரதமரே சபர்மதி ஆற்றுக்குக் கடல் விமான சேவையைத் தொடங்கிவைத்திருக்கிறார். செஸ்னாவுக்கும் சக்கரத்துக்குப் பதில் மிதவை மாட்டலாம். அலாஸ்காவில் இது சர்வசாதாரணம்.

குடிநீர் ஏரியில் எண்ணெய் கசியுமே என்று கோப்பில் குறிப்பு வரும். மிக்ஜாம் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் பரவி, எண்ணூர் மீனவர்கள் அதைக் கையால் வாரி எடுத்தபோது எல்லாத் துறைகளும் காட்டிய பொறுமையில் நூறில் ஒரு பங்கு எனக்குப் போதும்.

கோடையில் தண்ணீர் இருக்காதே என்றால், அதுதான் இந்தத் திட்டத்தின் சிறப்பு. 2019 ஜூனில் புழல் வெடித்துக் கிடந்ததே, அதுபோன்ற ஆண்டில் ஏரிப் படுகையையே ஓடுதளமாகப் பயன்படுத்திக்கொள்வேன். புழல் கிடைக்காவிட்டால் எங்கள் தாலுக்காவில் 2020இல் திறந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் ஆனாலும் சரி. 500 மில்லியன் கன அடிதான், சின்னது. என் விமானமும் சின்னதுதான்.

மிதவை விற்கும் கம்பெனிக்கு இன்னொரு விசாரணையும் அனுப்பியிருக்கிறேன். என் பட்டறையில் வேலை பார்க்கும் ஒடிசாப் பையன்கள் ஓடைக்கரையில் வரிசையாகக் கட்டிய தகர ஷீட் அறைகளில் எட்டெட்டுப் பேராகத் தங்கியிருக்கிறார்கள். மழைக்கு முன் பறந்துவிடும் வசதி அவர்களுக்கு இல்லை. அறைக்கு மிதவை மாட்ட முடியுமா என்று கேட்டேன். காலியான எடை எவ்வளவு என்று பதில் வந்திருக்கிறது. அறை காலியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

அனுமதிக்கான கட்டணத்தை உடனே கட்டத் தயார். அது விமான நிறுத்தக் கட்டணமா, படகு நங்கூரக் கட்டணமா, நீர்நிலை ஆக்கிரமிப்புக்கான அபராதமா, எந்தக் கணக்குத் தலைப்பில் செலுத்த வேண்டும் என்பதை மட்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் தெரிவிக்க வேண்டுகிறேன். ஆக்கிரமிப்புத் தலைப்பு என்றால் பட்டாவுக்கும் சேர்த்தே மனு போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விமானம் இல்லாத விமான உரிமையாளர்